ரங்கநாதன் பிரான்சிஸ்

ரங்கநாதன் பிரான்சிஸ் (மார்ச் 15, 1920 – டிசம்பர் 1, 1975) சென்னையைச் சேர்ந்த வளைதடிப் பந்தாட்ட (ஹாக்கி) வீரரும் இந்திய அணியின் கோல் காப்பாளரும் ஆவார். 1948 இலண்டன், 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்பேர்ண் ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கப் பதக்கம் வென்ற இந்திய அணிகளில் இவர் இடம்பெற்றிருந்தார்.

ஹாக்கியில் மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் பெற்ற இந்தியர்கள் எழுவரே. அவர்கள் தியான் சந்த், ரிச்சர்ட் ஆலன், லெஸ்லி கிளாடியஸ், பல்பீர் சிங் (மூத்தவர்), ரண்தீர் சிங் ஜென்டில், உதம் சிங், ரங்கநாதன் பிரான்சிஸ் ஆகியோர். இவர்களுள் கோல் காப்பாளர்கள் இருவர் மட்டுமே. ஒருவர் போருக்கு முந்தைய அணியின் ரிச்சர்ட் ஆலன். மற்றவர் விடுதலைக்குப் பிந்தைய அணியின் பிரான்சிஸ். தியான் சந்தையும் பல்பீர் சிங்கையும் அறிந்த அளவிற்கு இவரைத் தமிழ்நாட்டிலேயே பலர் அறிந்திருக்கவில்லை. அதற்கு இவர் ஆடிய இடமும் அந்த இடத்திற்கென வகுக்கப்பட்ட விதிகளும் ஒரு காரணம் எனலாம்.

பிறப்பும் பின்புலமும்

பிரான்சிஸ் 1920 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் இரங்கூன் நகரில் (இன்றைய யாங்கோன்) பிறந்தார். பர்மா 1937 ஆம் ஆண்டு ஏப்ரல் 1 ஆம் நாள் வரை பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. எனவே இன்றைய பட்டியல்களில் இவர் வெளிநாட்டில் பிறந்தவராகக் குறிக்கப்பட்டாலும், இவர் பிறந்த காலத்தில் இரங்கூனும் சென்னையும் ஒரே ஆட்சியின் கீழிருந்த இரு துறைமுக நகரங்களே.

அக்கால இரங்கூன் பாதிக்கு மேல் இந்தியர் வாழ்ந்த நகரம். 1931 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நகரின் ஏறத்தாழ 4 இலட்சம் மக்களில் 2 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இந்தியர். தமிழரில் செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தனர்; துறைமுகத்திலும் அரிசி ஆலைகளிலும் கூலி வேலை செய்தவர்கள் அவர்களைக் காட்டிலும் மிகுதி. சென்னைத் துறைமுகத்திற்கும் இரங்கூனுக்கும் இடையே பிரித்தானிய இந்திய நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள் முறையாக ஓடின. இரங்கூன் செல்வது வேறு நாட்டிற்குச் செல்வதாக அன்றையோர் எண்ணவில்லை.

1941 ஆம் ஆண்டு டிசம்பர் 23 ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் இரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச் மாதம் நகரம் வீழ்ந்தது. பல இலட்சம் இந்தியர்கள் கப்பலிலும், கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான், மணிப்பூர் மலைவழிகளில் கால்நடையாகவும் இந்தியாவிற்குத் திரும்பினர். 1960களில் இரண்டாம் முறையும் பெருந்தொகையினர் திரும்பினர். வடசென்னையில் இந்த வரவின் தடங்கள் இன்றும் உள்ளன. துறைமுகத்திற்கு எதிரே இராசாசி சாலையில் 1969 இல் தோன்றிய பர்மா பசாரும், அதைச் சுற்றி விற்கப்படும் அத்தோவும் அவற்றில் யாவரும் அறிந்தவை. பிரான்சிஸ் பிறந்தது அந்தக் கடல்வழியின் மறுமுனையில். ஆடியதும் மறைந்ததும் இம்முனையில்.

இங்கே ஒன்றைக் குறிப்பிடலாம். 1948 ஆம் ஆண்டின் இந்திய அணியில் பிரான்சிசுடன் இருந்த மற்றொரு கோல் காப்பாளர் பம்பாயைச் சேர்ந்த லியோ பின்டோ ஆவார். அவர் பிறந்தது ஆப்பிரிக்காவின் நைரோபியில். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் ஒலிம்பிக் ஹாக்கி அணியின் இரு கோல் காப்பாளர்களும் இன்றைய இந்திய எல்லைக்கு வெளியே பிறந்தவர்கள்.

சென்னையில் ஹாக்கி

இந்தியாவிற்கு ஹாக்கி பிரித்தானியப் படைப்பிரிவுகளுடன் வந்தது. கல்கத்தாவில் 1895 இல் பெய்டன் கோப்பைப் போட்டி தொடங்கப்பட்டது. 1925 இல் இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பு அமைந்தது. படைவீரர்களுக்கு அடுத்து இவ்வாட்டத்தை வளர்த்தவர்கள் தொடர்வண்டித் துறை, சுங்கம், துறைமுகம், தந்தி, காவல் போன்ற துறைகளின் அணிகளே. இத்துறைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் மிகுதியாகப் பணியாற்றினர். மட்டையும் பந்தும் அவர்கள் பயின்ற பள்ளிகளிலிருந்தே வந்தன.

சென்னையிலும் அவ்வாறே. தென்னிந்தியாவின் முதல் தொடர்வண்டி நிலையம் 1856 இல் இராயபுரத்தில் திறக்கப்பட்டது. அதன் பின்னர் இராயபுரம், பெரம்பூர் ஆகிய இடங்களில் தொடர்வண்டி ஊழியர் குடியிருப்புகள் பெருகின. வடசென்னை என்றவுடன் குத்துச்சண்டை, கால்பந்து, கேரம் ஆகியவையே இன்று நினைவுக்கு வருகின்றன. ஆனால் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மிகுந்திருந்த காலத்தில் ஹாக்கியும் இப்பகுதிக்கு உரிய ஆட்டமாகவே இருந்தது. பிரான்சிஸ் சென்னை சார்பாக ஆடியே இந்திய அணிக்குத் தேர்வு பெற்றார்.

அக்காலச் சென்னையின் ஆடுகளங்கள் பெரும்பாலும் வெயிலில் இறுகிய மண் தரைகள். அத்தகைய தரையில் பந்து நேராக வராது. சிறு கல்லிலோ பள்ளத்திலோ பட்டு, காப்பாளரின் காலுக்கு ஒரு முழம் முன்னால் எழும்பும். முன்னணி ஆட்டக்காரருக்கு இது ஓர் இடையூறு. கோல் காப்பாளருக்கு முகத்திலும் மார்பிலும் விழக்கூடிய அடி. ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. கிரிக்கெட் பந்தின் எடையும் கடினமும் உடையது. தலைக்கவசம் அன்று எவரும் அணியவில்லை. கிரிக்கெட் மட்டையாளர் கட்டுவதைப் போன்ற துணி, தோல் கால்காப்புகளும், புறங்கையைக் காக்கும் உறைகளும், கனத்த காலணிகளுமே காப்பாளரின் கவசங்கள்.

கோல் காப்பாளருக்கான விதிகள்

பிரான்சிசின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து விதிகளை ஓரளவு அறிந்திருத்தல் வேண்டும். பார்வையாளர் பலருக்கும் குழப்பம் தருவது இப்பகுதியே.

ஹாக்கியில் கோலின் அகலம் 12 அடி, உயரம் 7 அடி. கோலைச் சுற்றி வரையப்பட்ட வட்டத்திற்குள் நின்று தாக்கும் அணியினர் தொட்ட பந்து மட்டுமே கோலாகும். அதே வட்டத்திற்குள்தான் கோல் காப்பாளருக்குத் தனி உரிமைகள் உண்டு. பிற ஆட்டக்காரர் பந்தை உதைக்கலாகாது, காப்பாளர் உதைக்கலாம். உடலின் எப்பகுதியாலும் அவர் பந்தைத் தடுக்கலாம். கையாலும் தடுக்கலாம். வட்டத்தை விட்டு வெளியே வந்தால் இவ்வுரிமைகள் இல்லை.

ஆனால் அவரால் செய்ய இயலாத ஒன்று உண்டு. பந்தை அவர் பிடிக்கலாகாது. கையில் பட்ட பந்து உடனே தரையில் விழ வேண்டும். அதைப் பற்றி வைத்துக் கொள்வதோ, எறிவதோ, அதன் மீது படுத்து மறைப்பதோ குற்றம். கால்பந்தின் கோல் காப்பாளர் பந்தை அணைத்துக் கொண்டால் ஆபத்து நீங்கிவிடும். அணியினர் மூச்சு வாங்கலாம். ஹாக்கிக் காப்பாளருக்கு அந்த ஓய்வு இல்லை. அவர் தடுத்த பந்து அவர் காலடியிலேயே கிடக்கும். இரண்டு மூன்று மட்டைகள் அதை நோக்கி வந்து கொண்டிருக்கும். அடுத்த நொடியில் அதை உதைத்து அப்புறப்படுத்த வேண்டும்; அதுவும் எதிரணியின் மட்டையில் படாத திசையில். அதாவது இந்த ஆட்டத்தில் ஒரு தடுப்பு என்பது இரண்டு செயல்கள். முதற்செயல் சிறப்பாக அமைந்தும் இரண்டாவதில் தவறினால் கோல் விழும். பார்ப்பவர்கள் முதற்செயலை மறந்துவிடுவர்.

பந்து தற்செயலாகக் காப்பாளரின் கால்காப்பிற்குள் சிக்கிக் கொள்வதும் உண்டு. அக்காலத்தில் அவ்வாறு நேர்ந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, அவ்விடத்திற்கு அருகிலேயே புல்லி வைப்பார். இரு அணிகளிலிருந்தும் ஒருவர் எதிரெதிரே நின்று, தரையையும் எதிராளியின் மட்டையையும் மாறி மாறி மும்முறை தட்டிய பின் பந்துக்குப் போட்டியிடுவதே புல்லி எனப்பட்டது. ஆட்டத்தின் தொடக்கமும் அன்று புல்லியால்தான். கோலுக்குச் சில கெச தொலைவில் வைக்கப்படும் புல்லி காப்பாளருக்கு எவ்வகையிலும் ஓய்வாகாது.

உறுதியாக விழவிருந்த கோலை வேண்டுமென்றே தவறான முறையில் தடுத்தால் தண்டனை இன்னும் கடுமையானது. அது பெனால்டி புல்லி. கோலுக்கு 5 கெசம் முன்னால் இருவர் மட்டும் புல்லிக்கு நிற்பர். மற்ற அனைவரும் 25 கெசக் கோட்டிற்கு அப்பால் சென்றுவிட வேண்டும். காப்பாளர் பந்தின் மீது படுத்து ஒரு கோலைத் தவிர்த்தாலும், அதைக் காட்டிலும் பெரிய ஆபத்தைத் தன் அணிக்குத் தேடித் தரக்கூடும் என்பதே விதியின் நோக்கம்.

பனி ஹாக்கியுடன் ஒப்பீடு

இதே பெயர் கொண்ட பனி ஹாக்கியில் நிலைமை நேர்மாறானது. 1877 இல் கனடாவின் மாண்ட்ரியாலில் அச்சான பனி ஹாக்கி விதிகள் இங்கிலாந்தின் புல்தரை ஹாக்கி விதிகளைப் பெரிதும் ஒட்டியே எழுதப்பட்டவை. புல்லி என்ற சொல்லும் அவற்றில் இருந்தது. தொடக்கத்தில் அங்கும் கோல் காப்பாளர் நின்றபடியே தடுக்க வேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் தனது முதற் பருவத்தில், 1918 சனவரியில், காப்பாளர் பனியின் மீது விழுந்து தடுப்பதை அனுமதித்தது. இரு ஆட்டங்களின் காப்பாளர்களும் வழி பிரிந்த இடங்களுள் இது முதன்மையானது.

இன்று பனி ஹாக்கியில் காப்பாளர் ரப்பர் வில்லையைக் கையுறையால் மூடியோ உடலின் கீழ் மறைத்தோ ஆட்டத்தை நிறுத்தலாம். நடுவர் ஊதியதும் அருகிலுள்ள வட்டத்தில் இருவருக்கு இடையே வில்லையைப் போட்டு ஆட்டம் மீண்டும் தொடங்கும். இவ்வுரிமைக்கும் எல்லை உண்டு. எதிரணியினர் எவரும் நெருக்காதபோது காப்பாளர் தேவையின்றி வில்லையை மூடினால், ஆட்டத்தைத் தாமதப்படுத்திய குற்றத்திற்காக அவரது அணி 2 நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். அமெரிக்கக் கல்லூரிப் போட்டிகளின் விதிகளும் இவ்வாறே. நெருக்கடி இருந்ததா இல்லையா என்பதை நடுவரே முடிவு செய்வதால் அங்கே வாக்குவாதங்களுக்குக் குறைவில்லை.

புல்தரை ஹாக்கியில் இந்த வாக்குவாதத்திற்கே இடமில்லை. நெருக்கடி இருந்தாலும் இல்லாவிட்டாலும் காப்பாளர் பந்தின் மீது படுக்கலாகாது என்பதே இன்றைய விதியும். பந்து அவரது கால்காப்பில் தற்செயலாகச் சிக்கினாலும் இன்று எதிரணிக்குப் பெனால்டி கார்னர் கிடைக்கிறது. பனியில் காப்பாளரை மீட்கும் அதே நிகழ்வு புல்தரையில் அவரைத் தண்டிக்கிறது. எது நியாயம் என்பது ஒருபுறமிருக்க, பிரான்சிஸ் போன்றோர் பயின்ற கலை எது என்பதை இவ்வேறுபாடு தெளிவாக்கும். அது பந்தைப் பற்றும் கலையன்று, விடும் கலை.

1948 இலண்டன் ஒலிம்பிக்

இரண்டாம் உலகப்போரினால் 1940, 1944 ஒலிம்பிக் போட்டிகள் நடைபெறவில்லை. அப்போது பிரான்சிசின் அகவை முறையே 20, 24. ஓர் ஆட்டக்காரரின் சிறந்த ஆண்டுகள் எனக் கருதப்படுபவை இவ்வாறு கழிந்தன. இவர் தமது முதல் ஒலிம்பிக்கிற்குச் சென்றபோது அகவை 28.

நாட்டுப் பிரிவினைக்குப் பின் பல ஆட்டக்காரர்கள் பாக்கித்தான் அணிக்குச் சென்றுவிட்டதால் 1948 ஆம் ஆண்டின் இந்திய அணி ஏறத்தாழப் புதிய அணியாகவே அமைந்தது. கிஷன் லால் அணித்தலைவர், கே. டி. சிங் பாபு துணைத் தலைவர். இந்தியா ஆஸ்திரியாவை 8–0, அர்ஜென்டினாவை 9–1, ஸ்பெயினை 2–0 என்ற கணக்கில் வென்றது. அரையிறுதியில் நெதர்லாந்தை 2–1 என்று வென்றபின், ஆகத்து 12 ஆம் நாள் வெம்ப்ளி அரங்கில் பெரிய பிரித்தானியாவை எதிர்கொண்டது.

1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் பிரித்தானியா ஹாக்கி அணியை அனுப்பவில்லை. எனவே இரு நாடுகளும் ஒலிம்பிக் ஹாக்கியில் சந்தித்தது இதுவே முதல் முறை; அதுவும் விடுதலை பெற்று ஓராண்டு நிறைவதற்கு மூன்று நாட்கள் இருக்கையில். ஈரமான தரை இந்தியர்களின் விரைவான ஆட்டத்திற்கு ஒத்து வராது என்று எதிர்பார்க்கப்பட்ட போதிலும் இந்தியா 4–0 என வென்றது. பல்பீர் சிங் 2 கோல்களும், திரிலோசன் சிங், பேட்ரிக் ஜேன்சன் ஆகியோர் ஒவ்வொரு கோலும் அடித்தனர்.

இவ்விறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் லியோ பின்டோ. பிரான்சிஸ் அணியின் மற்றொரு காப்பாளர். அக்காலத்தில் ஆட்டத்தின் நடுவே ஒருவருக்குப் பதில் மற்றொருவரை இறக்கும் விதி இல்லை. தொடக்கத்தில் இறங்கிய பதினொருவரே 70 நிமிடங்களும் ஆட வேண்டும். எவரேனும் காயமுற்றால் எஞ்சியோருடன் ஆட வேண்டும். முன்னணியிலோ நடுவிலோ ஆடுபவரை ஓர் ஆட்டத்தில் ஒரிடத்திலும் அடுத்ததில் வேறிடத்திலும் ஆட வைக்கலாம். காப்பாளருக்கு இருப்பது ஒரே இடம். இரண்டு காப்பாளர்கள் சென்றால் ஒருவர் வெளியே அமர்ந்துதான் ஆக வேண்டும். இலண்டனில் இறுதி நாளில் வெளியே அமர்ந்தவர் பிரான்சிஸ்.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்

நான்கு ஆண்டுகள் கழித்து அவ்விடம் பிரான்சிசுக்கு வந்தது. கே. டி. சிங் பாபு தலைமையிலான அணியில் கோவிந்த் பெருமாள், முனிசாமி ராஜகோபால் ஆகிய தென்னிந்தியப் பெயர்களும் இருந்தன. தோற்றவர் வெளியேறும் முறையில் நடந்த இப்போட்டியில் இந்தியா ஆடியது மூன்றே ஆட்டங்கள். ஆஸ்திரியாவை 4–0 என்றும், அரையிறுதியில் பிரித்தானியாவை 3–1 என்றும் வென்றது.

சூலை 24 ஆம் நாள் நடந்த இறுதி ஆட்டத்தில் இந்தியா நெதர்லாந்தைச் சந்தித்தது. கோல் காப்பாளராக பிரான்சிசும், அவருக்கு முன்னால் தரம் சிங்கும் ரண்தீர் சிங் ஜென்டிலும் நின்றனர். இடைநிலையில் கிளாடியஸ், கேசவ் தத், பெருமாள். முன்னணியில் ரக்பீர் லால், பாபு, பல்பீர் சிங், உதம் சிங், ராஜகோபால். இந்தியா 6–1 என வென்றது. பல்பீர் சிங் தனியொருவராக 5 கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் ஆண்கள் ஹாக்கி இறுதி ஆட்டங்களில் இது இன்றும் பேசப்படும் சாதனை. அவ்வாட்டம் பற்றிய குறிப்புகள் யாவும் அந்த 5 கோல்களைச் சுற்றியே அமைந்துள்ளன.

இது இயல்பே. ஹாக்கியின் ஆட்டப் பதிவுகளில் கோல் அடித்தவரின் பெயரும் நிமிடமும் எழுதப்படும். தடுக்கப்பட்ட பந்துகளுக்கு அக்காலப் பதிவேடுகளில் கட்டமே இல்லை. காப்பாளரின் பெயர் எண்களுக்குள் வருவது அவர் தவறவிட்டபோது மட்டுமே. ஹெல்சிங்கியில் இந்தியா விட்டுக் கொடுத்தவை மொத்தம் 2 கோல்கள்.

இதன் தொடர்பில் ரிச்சர்ட் ஆலனைப் பற்றிச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 5 ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட விடாதவர் அவர். 1932 இல் இந்தியா அமெரிக்காவை 24–1 என வென்ற ஆட்டத்தில், வேலையின்றி நின்ற ஆலன் கோலுக்குப் பின்னால் வந்து பார்வையாளர்களுக்குக் கையெழுத்திட்டுக் கொண்டிருந்தபோதே அந்த ஒரு கோல் விழுந்தது என்பர். கதை சுவையானதுதான். ஆனால் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆலன் தடுத்தவை எவையென்று எவருக்கும் தெரியாது. தவறவிட்ட ஒன்று மட்டும் ஊரறிய நிலைத்துவிட்டது.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்

மெல்பேர்ண் செல்லும்போது பிரான்சிசின் அகவை 36. அவருடன் சென்ற மற்றொரு காப்பாளர், மாவ் நகரைச் சேர்ந்த படைவீரரான சங்கர் லட்சுமண், அகவை 23. பல்பீர் சிங் அணித்தலைவர்.

இந்தியா ஆப்கானித்தானை 14–0, அமெரிக்காவை 16–0, சிங்கப்பூரை 6–0 எனத் தொடக்கச் சுற்றில் வென்றது. அடுத்த இரண்டு ஆட்டங்கள் வேறு வகையானவை. அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 1–0. டிசம்பர் 6 ஆம் நாள் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானத்தில் பாக்கித்தானுக்கு எதிரான இறுதி ஆட்டத்திலும் 1–0. ஒலிம்பிக்கில் இந்தியாவும் பாக்கித்தானும் மோதியது அதுவே முதல் முறை. முதல் ஆட்டத்தில் விரல் முறிந்திருந்த பல்பீர் சிங் அந்தக் காயத்துடனேயே இறுதியில் ஆடினார். ஒரே கோலை ரண்தீர் சிங் ஜென்டில் பெனால்டி கார்னரில் அடித்தார்.

இறுதி ஆட்டத்தில் கோல் காத்தவர் சங்கர் லட்சுமண். இலண்டனில் மூத்தவரான பின்டோவுக்கு வழிவிட்ட பிரான்சிஸ், மெல்பேர்ணில் இளையவருக்கு வழிவிட்டார். 5 ஆட்டங்களில் இந்தியா அடித்தவை 38 கோல்கள், விட்டது எதுவுமில்லை. ஆலனின் 1928 அணிக்குப் பின் ஒரு கோலும் விடாமல் இந்தியா பெற்ற தங்கம் இதுவாகும்.

பிரான்சிஸ் இடம்பெற்ற மூன்று ஒலிம்பிக் போட்டிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், இந்தியா ஆடிய 13 ஆட்டங்களில் அடித்தவை 76 கோல்கள், வாங்கியவை 4. இப்பெருமை காப்பாளர்களுக்கு மட்டும் உரியதன்று. ஜென்டில், கிளாடியஸ், கேசவ் தத் ஆகியோர் முன்னால் நின்றதனால் பல பந்துகள் வட்டத்திற்குள்ளேயே வரவில்லை. ஆயினும் இத்தகைய அணியில் கோல் காப்பது எளிது என்று கொள்வது சரியன்று. ஒரு மணி நேரம் வேலையின்றி நின்றவருக்கு ஒரே ஒரு பந்து வரும். 1–0 என்ற நிலையில் அந்த ஒன்றே பதக்கத்தை மாற்றிவிடும்.

பிற்கால விதி மாற்றங்கள்

பிரான்சிசின் ஒலிம்பிக் காலம் முடிந்தபின் கோல் காப்பாளரைச் சுற்றியுள்ள விதிகள் பெரிதும் மாறின. 1963 இல் பெனால்டி புல்லி நீக்கப்பட்டு, பெனால்டி ஸ்ட்ரோக் நடைமுறைக்கு வந்தது. முன்னதில் இரு மட்டைகள் சமமாகப் போட்டியிட்டன. பின்னதில் அடிப்பவரும் காப்பாளரும் மட்டுமே எதிரெதிர் நிற்கின்றனர். 1970களில் மாற்று ஆட்டக்காரர்களை இறக்க அனுமதி கிடைத்தது. ஆட்டத் தொடக்கப் புல்லி 1980களின் தொடக்கத்தில் மறைந்தது. களத்தில் ஆடுபவர்கள் பந்தைக் கையால் நிறுத்தும் உரிமையும் அக்காலத்திலேயே நீங்கி, காப்பாளருக்கு மட்டும் எஞ்சியது. ஆஃப்சைடு விதி 1990களில் கைவிடப்பட்டதால் எதிரணியினர் காப்பாளரின் முகத்திற்கு நேரே வந்து நிற்க முடிந்தது.

கவசங்களும் மாறின. பருத்தி, தோல் கால்காப்புகளுக்குப் பதில் கனமற்ற நுரைப்பொருள் காப்புகள் வந்தன. பந்து அவற்றில் பட்டுத் தொலைவில் தெறிப்பதால், காலடியில் விழுந்த பந்தை மீண்டும் உதைக்கும் பழைய தேவை குறைந்தது. தலைக்கவசம் வந்தபின் பெனால்டி கார்னரின்போது காப்பாளர்கள் கோல் முன் நீளப் படுத்துத் தடுக்கவும் துணிந்தனர். பிரான்சிஸ் காலத்தில் வெறும் தலையுடன் அவ்வாறு படுப்பது எண்ணிப் பார்க்க இயலாத செயல். இத்தனை மாற்றங்களுக்கு இடையிலும் பந்தைப் பிடித்து வைக்கலாகாது என்ற விதி மட்டும் அசையவில்லை.

இறுதிக் காலம்

நடுவண் அரசின் அருச்சுனா விருது 1961 இல்தான் நிறுவப்பட்டது. பிரான்சிசின் கடைசி ஒலிம்பிக் அதற்கு 5 ஆண்டுகள் முந்தையது. இவருடன் மூன்று தங்கங்களையும் பகிர்ந்த பல்பீர் சிங்கிற்கு 1957 இல் பத்மசிறீ வழங்கப்பட்டது. மெல்பேர்ணில் இவருக்கு இளையவராக இருந்த சங்கர் லட்சுமண் 1960 இல் வெள்ளியும் 1964 இல் மீண்டும் தங்கமும் பெற்று, 1966 ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணிக்குத் தலைமையும் ஏற்றார். கோல் காப்பாளர் ஒருவர் இந்திய அணிக்குத் தலைவரானது அப்போதுதான்.

1975 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா பாக்கித்தானை 2–1 என வென்றது. அந்நாள் பிரான்சிசின் 55 ஆவது பிறந்த நாள். அவ்வாட்டத்தில் இந்தியாவின் கோல் காத்தவர் அசோக் திவான். அணியில் சென்னையைச் சேர்ந்த வி. ஜே. பிலிப்சும் இருந்தார். இந்திய ஆண்கள் அணி வென்ற ஒரே ஹாக்கி உலகக் கோப்பை அதுவே.

அதே ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள் ரங்கநாதன் பிரான்சிஸ் சென்னையில் காலமானார். அடுத்த ஆண்டு மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. பந்து குதிக்காமல் நேராக வரும் அத்தரையில் இந்தியா ஏழாம் இடம் பெற்றது.